மீன் சந்தைப் பூனைகளும் ஸுல்பிகாவின் நெடுஞ்சூலும்

ஸுல்பிகாவின் வயிற்றிலிருந்த பிள்ளை இரண்டு நோன்புப் பெருநாளையும் இரண்டு ஹஜ்ஜுப் பெருநாளையும் உள்ளேயிருந்தே கழித்தது. ஆறாம் மாதம் வரை எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்ந்துவிட்டு, அதன் பிறகு அப்படியே நின்றுவிட்டது. அந்த நாட்களில் கல்முனைக்குடியில் காலையில் கூடியவர்கள் முதலில் சூரை மீனின் விலையைக் கேட்டார்கள், அடுத்ததாக ஸுல்பிகாவைக் கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே குரலில்தான் பதில் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் இடமாற்றம் பெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் பழைய ஸ்கேன் படங்கள் வேறு யாருடையதோ என்று நினைத்துத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடித்தது. கைகால்களில் குறையில்லை. பருமன் மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. இந்தப் பருமனில் வெளியே எடுத்தால் தங்குமோ தெரியாது, உள்ளே அதற்கு ஒரு கெடுதலும் இல்லை, விட்டுப் பார்ப்போம் என்பதே எல்லோருடைய முடிவாகவும் இருந்தது. ஸுல்பிகா தலையாட்டிவிட்டு வெளியே வருவாள். வந்ததும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பிள்ளை அசைந்தால்தான் ஓட்டோவில் ஏறுவாள். ஓட்டோக்காரர்களுக்கும் அது பழகிப்போய், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

கடற்கரை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், சீதனமாகக் கிடைத்த வீட்டின் முன்னறையில் அபாயா அங்கிகள் தைத்து விற்று வந்தவள் அவள். கணவன் ஜெமீல் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். லொறியில் ஐஸ் கொண்டுவந்து மீன் சந்தைக்குப் போடுபவன். ஸுல்பிகாவின் தாய் சபியா உம்மா பின்பக்கத்து அறையில் இருந்தாள். கலியாணம் முடித்துப் பத்து வருடம் பிள்ளை இல்லாதிருந்த காலத்தில்தான் ஸுல்பிகாவுக்குப் பூனைகளோடு தொடர்பு உண்டானது. துணித்துண்டு போடும் பெட்டிக்குள் ஒரு சாம்பல் பூனை குட்டி போட்டது. குட்டிகளுக்குக் கண்ணில் பீளை கட்டி, ஒவ்வொன்றாகச் செத்தன. அடுத்த ஈற்றும் அப்படியே. மூன்றாவது ஈற்றில் கடைசிக் குட்டி அவளுடைய உள்ளங்கையிலேயே உயிரை விட்டதும், அவள் தாய்ப் பூனையைக் கூடையில் போட்டு மேலே துப்பட்டாவைக் கட்டி, உசாந்தினியிடம் கொண்டுபோனாள்.

உசாந்தினி வினாயகபுரத்து மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து மிருக வைத்தியத்துக்குப் படித்தவள். கிழமை நாட்களில் அரச வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்முனையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, ஆடு மாடு கோழி பூனை என்று வருவதையெல்லாம் பார்த்தாள். சாம்பல் பூனைக்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்து, மறுபடி பிடித்து வந்துவிடக் கூடாது என்பதற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைத் துளி நறுக்கிவிட்டு, கூடையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எங்க பிடிச்சீங்களோ அங்கயே விடுங்க அக்கா. வேற இடத்தில விட்டுப்போடாதீங்க” என்றாள்.

“சந்தைலயும் நிறைய இரிக்கி டொக்டர். அதுகள என்ன செய்யிற?”

“அதுகளையும் கொண்டாங்க. செய்து விடுவம். பூனையைத் தூக்கிக் கொண்டுபோய் வேற ஊரில விட்டா அந்த இடம் காலியாகும். காலியான இடத்தில இன்னொண்டு வந்து குந்தும். செய்து அங்கயே விட்டா அது தன்ட இடத்தைத் தானே காக்கும். குட்டியும் பெருகாது.”

அவள் சொன்னது உண்மை என்பது சந்தைக்காரர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை அவர்கள் பூனைகளைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றி, இறக்காமத்துக் குளக்கட்டில் கொண்டுபோய் அவிழ்த்து விட்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சந்தையில் அதே இடங்களில், அதே நிறங்களில், வேறு பூனைகள் படுத்திருந்தன. சாக்கில் போனவை இறக்காமத்து வயல் வரம்புகளில் கடல் இருக்கும் திக்கைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. யானை வயலுக்குள் இறங்கியபோதும் அவை எழும்பவில்லை. எலி பிடிக்கவும் இல்லை. ஒவ்வொன்றாகச் சாய்ந்து முடிந்தன. வேளாண்மைக்காரர்கள் அவற்றை வரப்போரத்தில் புதைத்துவிட்டு, இனி இந்த வேலை வேண்டாம் என்று சந்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ஸுல்பிகா பொறிக்கூடுகள் செய்வித்தாள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சந்தை கலகலக்கும் முன்பு போய், கூட்டுக்குள் சாளை மீனை வைத்து, பூனை நுழைந்து கதவு விழுந்ததும் பயப்படாமலிருக்க மேலே துணியைப் போட்டு மூடி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். அபாயா தைத்த காசில் உசாந்தினிக்கு மருந்துச் செலவைக் கொடுப்பாள். இரண்டு வருடம் இப்படிப் போனது. காது நறுக்கிய பூனைகள் சந்தையில் தங்கள் தங்கள் இடத்தில் சாவகாசமாகப் படுத்திருந்தன. அந்த மாரிமழைக் காலத்தில்தான் அவள் கர்ப்பமானாள்.

முதலில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். ஜெமீல் சந்தையில் கூலியாட்கள் அனைவருக்கும் தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். பிறகு பக்கத்து வீட்டு ஹாஜறா, மதிலுக்கு மேலால் ஒரு நாள் பூனைக் கூட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இன்னமும் இந்த வேலையாகா? வாயில்லா சீவன்ட கர்ப்பத்தக் கட்டிப்போட்டிட்டு நீ மட்டும் புள்ள பெறலாமா? எனக்கெண்டா பயமா இரிக்கி.”

ஹாஜறா கெட்டவள் அல்ல. ஸுல்பிகாவுக்கு மசக்கை கண்ட நாளிலிருந்து புளியும் மாங்காயும் கொடுத்தவள் அவள்தான். அதனால்தான் அந்தச் சொல் ஆழமாக இறங்கியது. அதை அவள் வட்ஸ்அப்பில் தன் சகோதரிக்கும் சொன்னாள், சகோதரி இன்னும் இருவருக்குச் சொன்னாள், பின்னேரத்து அசருக்கும் அந்தி மஃரிபுக்கும் இடையில் அது ஊரைச் சுற்றிவிட்டு, ஸுல்பிகாவின் போனுக்கே குரல்பதிவாக வந்து சேர்ந்தது. சபியா உம்மா ஒரு மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டாள். படைப்பை மாற்றுவது கூடாது என்று பதில் வந்தது. ஜெமீல் இன்னொரு மௌலவியிடம் நேரில் போய்க் கேட்டான். பெருகிப் பட்டினியிலும் நோயிலும் சாவதைத் தடுப்பதற்கென்றால் குற்றமில்லை என்றார் அவர். பதில் இரண்டாக வந்ததால் ஸுல்பிகாவின் பயமும் இரண்டானது. ஆறாம் மாதத்தில் அவள் பூனை பிடிப்பதை விட்டாள். சபியா உம்மா பொறிக்கூடுகளை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டு, இரண்டு ரக்அத் தொழுதாள்.

அந்தக் கிழமைதான் பிள்ளை வளர்வதை நிறுத்தியது. அந்த இரண்டையும் அப்போது ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒன்பதாம் மாதம் போய், பத்தாம் மாதமும் போனபோது ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னது. பூனைகளின் கர்ப்பத்தைக் கட்டினாள், இவளுடையது கட்டுப்பட்டது. ஸுல்பிகாவுக்கு அதை மறுக்கத் தெரியவில்லை. அவள் மீன்தலைகளை அவித்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், காது நறுக்கிய பூனைகளைத் தேடித் தேடி ஊட்டி, ஒவ்வொன்றிடமும் தன்னை மன்னிக்கச் சொல்லி வாய்க்குள் மாப்புக் கேட்டாள். பூனைகள் மீனைத் தின்றுவிட்டு வாயை நக்கின. மாப்புக் கொடுத்தனவா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியிருக்கவில்லை.

பிள்ளை நின்றுபோனதில் ஸுல்பிகாவின் வாழ்க்கையும் ஒரு மூச்சைப் பிடித்து வைத்தது போலாயிற்று. தும்மப் பயந்தாள். சிரிக்கப் பயந்தாள். மாவு இடிக்கும் சத்தம் கேட்டால் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பிள்ளை காலையில் ஒரு தரமும் பகல் லுஹருக்குப் பிறகு இரண்டு மூன்று தரமும் புரளும். லுஹர் தாண்டியும் புரளாவிட்டால் தையல் மெசினின் மிதியில் அவளுடைய கால் தானாக நின்றுவிடும். அவளுக்குப் பிறகு கர்ப்பமானவர்கள் பெற்றெடுத்து, அந்தப் பிள்ளைகள் குப்புறப் புரண்டு, தவழ்ந்து, நடந்தும் வந்துவிட்டன. ஹாஜறாவின் மகளுடைய பிள்ளை தத்தித் தத்தி வந்து ஸுல்பிகாவின் வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருப்பதோடு ஏதோ கதைத்துவிட்டுப் போகும். என்ன கதைத்தாய் என்று கேட்டால் சொல்லாது.

இதற்கிடையில் சந்தையில் பூனைகள் பெருகின. ஒப்பரேசன் செய்யாமல் விடுபட்டவை குட்டி போட்டன, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. ஒரு வருடத்துக்குள் மீன் வெட்டும் பலகைக்குக் கீழே கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. கருவாட்டுக் கடைகளில் மூத்திர நாற்றம் ஏறியது. வள்ளங்களின் முன்பக்க அணியத்துக்குள் குட்டிகள் கிடந்தன. கடலுக்குப் போன பிறகுதான் அவை இருப்பது தெரிந்து, மீனவர்கள் அரைக் கடலிலிருந்து திரும்பி வந்தார்கள். கண் மூடிய குட்டிகள் தினமும் காலையில் வடிகானுக்குள் செத்துக் கிடந்தன. சந்தை வியாபாரிகளுக்குத் தலைவராயிருந்த அபுல் ஹஸனின் பேரப்பிள்ளையைப் பூனையொன்று கையில் கடித்து, ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கச் சில நாள் எடுத்தது. அவர் கொழும்புக்கு அனுப்பிய சூரை மீன் பெட்டிகள், உரோமம் கிடந்தது என்று திரும்பி வந்தன. ஆவணி மாதத்து வெள்ளியொன்றில், ஜும்ஆத் தொழுகை முடிந்து சந்தைக்காரர்கள் கூடி, பூனைகளுக்கு நஞ்சு மருந்து வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

அந்தச் செய்தியை ஸுல்பிகாவுக்குச் சொன்னவன் ஜெமீல். பகல் சோற்றுக்கு வந்தவன் கோப்பைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் அதைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“என்ன, கறி சரியில்லையா?” என்றாள்.

“ஐஸ் கேட்கிறாங்க புள்ள.”

“என்னத்துக்கு?”

“மீன்தலைக்குள்ள மருந்து வெச்சி பெட்டிபெட்டியா அடுக்குவாங்களாம். காலைல இருந்து பின்னேரம் வரைக்கும் நாறாம இரிக்கணுமாம். அதுக்கு ஐஸ்.”

“நீங்க என்ன சொன்ன?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. லொறி பழுது எண்டு சொல்லலாமெண்டு பார்த்தன். லொறி அவங்கட கண்ணுக்கு முன்னாலதானே ஓடிட்டிரிக்கி.”

ஸுல்பிகாவும் அன்று சாப்பிடவில்லை. மாப்புக் கேட்டு அவள் ஊட்டிய அதே மீன்தலைகள். தங்களுக்கு மீன்தலை கொண்டுவரும் கையை அந்தப் பூனைகள் இப்போது நம்பும். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவள் அவள்தான். அசர் தொழுதுவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் சந்தைக்கு நடந்தாள்.

அபுல் ஹஸன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வயிற்றோடு வந்து நின்றவளைக் கண்டதும், தான் இருந்த கதிரையை எழுந்து அவளுக்குக் கொடுத்தார்.

“பூனையக் கட்டிப்போட்டு நரகத்துக்குப் போன பொம்புளட கதைய மட்டும் எனக்கிட்டச் சொல்லாத மகள்” என்றார். “அது எனக்கும் தெரியும். நானும் அல்லாஹ்வுக்குப் பயந்தவன்தான். வேற வழி இரிந்தாச் சொல்லு.”

“வழி இரிக்கி காக்கா. நான் புடிக்கிறன். டொக்டர் செய்து தருவாங்க. மருந்து வெச்சா இண்டைக்குச் சாகும், அடுத்த மாசம் வேற வந்து நிக்கும். இறக்காமத்துக்குக் கொண்டுபோனப்போ என்ன நடந்த?”

“உன்ட நிலமைல நீயாகா புடிக்கப் போற?”

“ஓம்.”

“ஊரு என்ன சொல்லுது எண்டு உனக்குத் தெரியுந்தானே. நாளைக்கு உன்ட புள்ளக்கி ஏதும் எண்டா, அந்தாள்தான் புடிக்க விட்டவர் எண்டு என்னச் சொல்லுவாங்க.”

ஸுல்பிகா கதிரையை விட்டு எழும்பவில்லை. அபுல் ஹஸன் கரையில் கிடந்த வள்ளங்களைப் பார்த்தார்.

“மாரி பிறக்கும் மட்டும் பொறுக்கிறன்” என்றார் கடைசியில். “மழை விழுந்து வள்ளங்கள மேல இழுத்தா, அண்டைக்கு மருந்து. அதுக்குப் பிறகு எனக்கிட்ட வராத.”

வீட்டில் சபியா உம்மா விடயத்தைக் கேட்டதும் பரணுக்குக் கீழே போய் நின்று, கூடுகளை எடுக்க விடமாட்டேன் என்று அழுதாள்.

“புள்ளக்கி ஏதும் ஆனா என்னகா செய்வாய்?”

“தெரியா உம்மா. பயமாத்தான் இரிக்கி. ஆனா நான் சும்மா இரிந்தா அதுகள் நான் காட்டின மீனத் தின்னுதான் சாவும். அந்த நினைப்போட இந்தப் புள்ளய எப்பிடிச் சுமக்கிற?”

சபியா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு விலகி நின்றாள். ஜெமீல் ஏணியில் ஏறினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸுல்பிகாவால் குனிய முடியவில்லை. ஜெமீல்தான் கூடுகளை வைத்தான். அவனுடைய கைக்கு ஒரு பூனையும் வரவில்லை. வெயில் ஏறியது. மீன் வெட்டுபவர்கள் வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஸுல்பிகா கவிழ்த்து வைத்த மீன்பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து, பிள்ளை புரள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது யாரோ நாக்கைத் தட்டிப் பூனையைக் கூப்பிடும் ஓசை கேட்டது. மெல்லிய ஓசை, ஆனால் சந்தையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் கேட்டது. வள்ளங்களுக்குள்ளிருந்தும், கருவாட்டுக் கடைகளின் கூரையிலிருந்தும், பலகைகளுக்குக் கீழிருந்தும் பூனைகள் எழுந்து வந்தன. ஸுல்பிகாவின் காலடியில் ஒரு நிமிடம் நின்று அவளுடைய வயிற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. கூடுகள் நிறைந்ததும் ஓசை நின்றது. மிச்சப் பூனைகள் திரும்பித் தங்கள் இடங்களுக்குப் போயின.

“ஆரு கூப்பிட்ட?” என்று அபுல் ஹஸன் கேட்டார்.

ஸுல்பிகாவின் உதடுகள் அசையவில்லை என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஓசை அவளுடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. மீன் வெட்டும் ஒருவன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்து, கூடுகளை ஓட்டோவில் ஏற்றக் கை கொடுத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே நடந்தது. உசாந்தினி காலையிலிருந்து மஃரிபு வரை மேசையை விட்டு நகராமல் வெட்டித் தைத்தாள். ஸுல்பிகா வெளியறையில் இருந்து, மயக்கம் தெளியும் பூனைகளைத் துவாயால் போர்த்தி, நாக்கு மடிந்து மூச்சடைக்காமல் பார்த்துக்கொண்டாள். உள்ளே இருந்து ஒவ்வொரு தடவை கத்தரி வைக்கும் சத்தம் கேட்கும்போதும் அவளுடைய கை வயிற்றுக்குப் போனது. இந்த வெட்டா, அடுத்த வெட்டா, எந்த வெட்டு என் பிள்ளைக்கு விழும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அடுத்த பூனையின் முதுகைத் தடவினாள். பயம் போகவில்லை. பயத்தோடு வேலை செய்யலாம் என்பது மட்டும் அவளுக்குப் பழகியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள் பிள்ளை அசையவில்லை. காலையில் இல்லை, லுஹருக்குப் பிறகும் இல்லை. அவள் குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இடப்பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தாள். சபியா உம்மா தலைமாட்டில் இருந்து யாஸீன் ஓதத் தொடங்கியதும், அது சாவு வீட்டில் ஓதுவது போலக் கேட்டு, “நிப்பாட்டுங்க உம்மா” என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போக எழுந்து அபாயாவைப் போட்டாள். அது வயிற்றில் பிடித்தது. தானே தைத்து, ஒரு வருடத்துக்கு மேலாக அதே அளவில் போட்டுவந்த அபாயா. இழுத்துப் பார்த்தாள். தையல் விட்டது. அந்த வேளையில்தான் பிள்ளை உள்ளே, தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பதைப் போல, விலா வரைக்கும் நீட்டி நிமிர்ந்தது.

ஸ்கேன் எடுத்த டொக்டர் மெஷினை மாற்றி இன்னொருமுறை எடுத்தார். பிள்ளை வளர்ந்திருந்தது. ஸுல்பிகா அதை ஜெமீலிடமும் உம்மாவிடமும் மட்டும் சொன்னாள். கண்ணூறு பட்டுவிடுமென்று பயந்து, வெளியே போகும்போது இன்னும் பெரிதாக ஒரு அபாயா தைத்துப் போட்டாள். ஆனால் வயிறு ஒளிக்கக் கூடிய பொருள் அல்ல. ஐப்பசிக்குள் ஹாஜறா மதிலுக்கு மேலால் அந்த வயிற்றைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் அவளே சாளை மீன் ஒரு பை கொண்டுவந்து, “கூட்டுக்குள்ள வெக்கக் கொண்டுபோ” என்று கொடுத்துவிட்டுப் போனாள். பூனைகளுக்கு ஒப்பரேசன் செய்ததால் பிள்ளை வளர்ந்ததா, வளர வேண்டிய காலம் வந்ததால் வளர்ந்ததா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. முன்பு சொன்ன காரணத்தைப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

அந்த வருடம் மாரி முந்திக்கொண்டது. கார்த்திகை பிறந்ததும் பிறக்காததுமாக வானம் பிளந்து கொட்டியது. கடல் கறுத்தது. வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டினார்கள். கூடுகளுக்குள் வந்து காதைக் கொடுக்காத பூனைகள் இன்னும் கொஞ்சம் இருந்தன. ஞாயிறு காலையில் ஜெமீல் முழங்காலளவு தண்ணீரில் லொறியை மெல்ல ஓட்டி, அவற்றையெல்லாம் கூடுகளோடு உசாந்தினியின் அறைகளில் கொண்டுவந்து இறக்கினான். ஸுல்பிகாவும் முன்சீற்றில் இருந்தாள். அன்று விடியவே அவளுக்கு இடுப்பு வலித்தது. இரண்டு வருடமாக ஏதோவொன்று வலித்துக்கொண்டே இருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அபுல் ஹஸன் பின்னேரம் குடையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “மாரி பிறந்திட்டு மகள்” என்றார்.

“இன்னம் ஆறேழுதான் இரிக்கி காக்கா. உள்ளுக்க செய்திட்டிரிக்காங்க. இண்டைக்கு முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள், எழுந்த இடத்தில் நின்றாள். காலடியில் பன்னீர்க்குடம் உடைந்து தரையெல்லாம் ஓடியது.

ஜெமீல் அம்புலன்சுக்குப் போன் அடித்தான். ஆஸ்பத்திரி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். லொறியின் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி, அது முனகிவிட்டு அடங்கியது. உசாந்தினி கையுறையோடு வெளியே வந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள்.

“எனக்கு ஆடு மாடுதான் அக்கா தெரியும்.”

“பரவாயில்ல டொக்டர்” என்றாள் ஸுல்பிகா, பல்லைக் கடித்துக்கொண்டு. “கைய மட்டும் நல்லாக் கழுவிட்டு வாங்க.”

அபுல் ஹஸன் வாசலுக்கு வெளியே போய், முதுகைத் திருப்பிக்கொண்டு மழையில் நின்றார். கூடுகளுக்குள் இருந்த பூனைகள் சத்தம் போடவில்லை. இரண்டு வருடம் உள்ளே இருந்த பிள்ளை, வருவது என்று முடிவெடுத்த பிறகு கொஞ்சமும் தாமதிக்கவில்லை. உசாந்தினி துவாயை விரித்து முடிப்பதற்கும் அது வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. பெண்பிள்ளை. எடை எல்லாப் பிள்ளைகளையும் போல. தலைமயிர் தோளில் விழுந்தது. வாயில் பல் இருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அது அழவில்லை. உசாந்தினி பிள்ளையின் முதுகைத் தேய்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஜெமீல் உள்ளே வந்து, பிள்ளையை வாங்கி, வலது காதில் பாங்கு சொன்னான். பிள்ளை அது முடியும் மட்டும் மரியாதையாகப் பொறுத்திருந்தது. முடிந்ததும் முகட்டைப் பார்த்து, தெளிவான குரலில் சொன்னது:

“கூரையில ஒண்டு இரிக்கி. நனையுது.”

ஜெமீல் பிள்ளையை ஸுல்பிகாவின் மார்பில் வைத்துவிட்டு வெளியே போனான். ஏணி ஈரத்தில் வழுக்கியது. அபுல் ஹஸன் குடையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கூரையின் மூலையில், தகரமும் சுவரும் சேரும் இடத்தில், ஒரு சின்னப் பூனை ஒடுங்கிப்போய் இருந்தது. காது முழுதாக இருந்தது. ஜெமீல் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“துடைச்சிட்டு அந்தக் கூட்டில வைங்க. நனைஞ்சதுக்கு இண்டைக்குச் செய்யேலா, அடுத்த ஞாயிறு செய்வம்” என்றாள் உசாந்தினி. பிறகு கையைத் திரும்பவும் கழுவி, மேசையில் மயங்கிக் கிடந்ததைத் தைத்து முடிக்கப் போனாள்.

அபுல் ஹஸன் மருந்தைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை. பிள்ளைக்கு றுஸ்தா என்று பெயர் வைத்தார்கள். ஸுல்பிகா பயப்படுவதை விடவில்லை. பிள்ளை தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள், தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று கலங்கினாள். எல்லாத் தாய்மாருக்கும் உள்ள பயம்தான் அது, கொஞ்சம் கூட இருந்தது. பிறந்து நாற்பது நாள் முடிவதற்குள் றுஸ்தா நடந்தாள். ஒரு வருடம் கழித்து வந்த தைமாதம் அவளைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆசிரியை பிறந்த திகதியைக் கேட்டாள். பிறகு றுஸ்தாவை மேலும் கீழும் பார்த்து, “உள்ளுக்க இருந்ததையும் சேர்க்கத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டு, அவளை மூன்று வயதுப் பிள்ளைகளோடு இரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக இருத்தினாள்.